பைப்புக்கு எந்தப் புகையிலை

போன கிழமை சுபா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபோது நெஞ்சு நோய்க் கிளினிக்கை அவளிடம்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் புதிதாக ஏதாவது முளைத்தால் உடனே என்னைத்தான் தேடுவாள்.

"அக்கா, வெளிநாட்டிலை இருந்து வந்த பெடியன் ஒருத்தன் கிளினிக்குக்கு வந்திருக்கிறான். சிகரட்டை விட்டிட்டானாம். இப்ப உந்த பற்றறியிலை வேலை செய்யிற குழாயைத்தான் இழுக்கிறானாம். அதிலை எந்த வாசம் நெஞ்சுக்கு மெல்லிசு எண்டு என்னட்டைக் கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. இதே கேள்வியை என்னிடம் ஒருவர் முன்பு கேட்டிருக்கிறார். அவர் கையில் இருந்தது பற்றறிக் குழாய் அல்ல, பைப். அந்தக் கதையைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது, எழுதித் தருகிறேன் என்று சுபாவிடம் சொன்னேன். கரம்பொன்னில் முழங்கால் நோவோடு கதிரையில் இருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை?

நான் தாதியான, சனத்தின் வாயில் 'மிஸ்ஸி'யான விதம் பற்றி எழுத அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன், படித்துக்கொண்டிருக்கும்போதே இடம்பெயர்ந்தேன், இடம்பெயர்ந்த இடத்தில் பரீட்சை எழுதினேன். யாருக்கும் விருப்பமில்லாத நெஞ்சு நோய் வார்டில் என்னைப் போட்டார்கள். கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் போட்டார்கள். அந்தக் கொஞ்சக் காலத்திலேயே என் தலைமயிர் நரைத்துவிட்டது. சண்டை ஓய்ந்த பிறகு தீவுப்பக்க ஆசுபத்திரி ஒன்றுக்கு மாற்றம் கேட்டு வந்தேன். அங்கேதான் டொக்டரைச் சந்தித்தேன்.

அவரைத் தீவுப்பக்கத்துச் சனம் 'நெஞ்சு டொக்டர்' என்றுதான் சொல்லும். மெலிந்த, உயர்ந்த மனிதர். கிழவன், குமரன், வெறிகாரன் யார் வந்தாலும் 'நீங்கள்' என்றுதான் கதைப்பார். நோயாளியைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டிருப்பார். புகை பிடிக்கிறவர்களுக்கு நான் தாராளமாகப் பிரசங்கம் வைப்பேன். அவர் வைக்கமாட்டார். ஒரு கேள்வி கேட்பார், பிறகு பேசாமல் நிற்பார். எதிரே இருப்பவர் பதில் சொல்லும்வரை நிற்பார். அந்த மௌனம் எனக்கு ஒத்துவராது. வெளியே சனம் முட்டி மோதிக்கொண்டு நிற்கும், இவர் இங்கே மரம் மாதிரி நிற்பார். ஒருநாள் நான் ஒரு நோயாளியை நன்றாக ஏசிவிட்டேன். அவர் போன பிறகு டொக்டர் மெதுவாகச் சொன்னார்:

"மிஸ்ஸி, நீர் ஏசினதிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா ஏச்சு வாங்கின ஆள் அடுத்த கிளினிக்குக்கு வராது. வராத ஆளை நாங்கள் எப்பிடிப் பாக்கிறது?"

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அன்றைக்கு எனக்கு அவர் சொன்னது அரைவாசிதான் கேட்டது.

சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு நெருப்புப் பெட்டி வைத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள், டொக்டரும் களவாகச் சிகரட் பத்துகிறவர்தான் என்று தங்களுக்குள் கண் காட்டிக்கொள்வார்கள். அவர் வாழ்நாளில் ஒன்றையும் பத்தவில்லை. அந்தப் பெட்டி மூச்சைப் பரிசோதிக்க. ஊதிப் பார்க்கிற பிளாஸ்ரிக் கருவி ஒன்றும் எங்களிடம் இருந்தது. அது காட்டுகிற இலக்கத்தைச் சனம் நம்பாது. 'உது பழுதாப் போச்சு, மிஸ்ஸி' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நெருப்பை நம்பாமல் இருக்க முடியாது.

அந்தப் பரிசோதனைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் யன்னல்களைச் சாத்த வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும். கடல் காற்று அடிக்கிற ஊரில் இதுதான் பெரிய பாடு. அறை அவிந்துவிடும். பிறகு குச்சியைத் தட்டி, முதல் சுவாலை அடங்கி நெருப்பு நேராக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். நோயாளியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே பிடிக்க வேண்டும். நோயாளி கொட்டாவி விடுகிற மாதிரி வாயை ஆவென்று திறந்து ஊத வேண்டும். உதட்டைக் குவிக்கக்கூடாது. உதட்டைக் குவித்தால் சாகக் கிடக்கிறவனும் குச்சியை அணைத்துவிடுவான். திறந்த வாயால் அணைக்க நெஞ்சில் காற்று வேண்டும். குச்சியைப் பிடிக்கிற வேலை என்னுடையது. என் விரல் நுனிகள் எத்தனையோ முறை பொசுங்கியிருக்கின்றன.

சூசைப்பிள்ளை அண்ணை முதல்முதல் வந்தது அவராக விரும்பி அல்ல. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் பயணிகளை ஏற்றுகிற இயந்திரப் படகு, லோஞ்ச், ஓட்டுகிறவர். ஊர் நெடுந்தீவு. லோஞ்ச் ஓட்டுகிறவர்களுக்கு உடல்நலச் சான்று வேண்டும், அதில் டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணை எங்கள் அறை வாசலில் ஏறிய இரண்டு படிக்கே மூச்சு வாங்கினார். விரல்கள் மஞ்சள். அவர் ஊதினார். நெருப்பு மரியாதைக்குக் கொஞ்சம் சாய்ந்துவிட்டு நிமிர்ந்து நின்றது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே.

"நான் இப்ப கையெழுத்து வைச்சா, நடுக்கடலிலை உங்களுக்கு மூச்சு முட்டினா சனத்தின்ரை கதி என்ன?" என்று டொக்டர் கேட்டார்.

"ஐயா, எனக்குச் சுக்கானைத் தவிர வேறை ஒண்டும் தெரியாது. கடலை விட்டா நான் என்ன செய்யிறது? மாட்டுக்குப் பின்னாலை திரியிறதோ?"

நெடுந்தீவில் பாதிப் பேர் மாட்டுக்குப் பின்னால் திரிந்துதான் சீவிக்கிறார்கள். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் அழுகைதான் இருந்தது.

டொக்டர் நின்றார். பிறகு கேட்டார்: "மூண்டு மாசத் தவணை தாறன், பிறகு திரும்ப ஊதிப் பாப்பம். சிகரட்டை விடுவீங்களோ?"

கேட்டுவிட்டு வழக்கம்போல நின்றார். அண்ணை தன் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "ஓம் ஐயா. விடுறன்" என்றார். நான் நம்பவில்லை. அந்த அறையில் நான் கேட்ட 'விடுறன்'களை எல்லாம் சேர்த்தால் ஒரு லோஞ்ச் தாழும்.

ஆனால் அவர் விட்டுவிட்டார். லோஞ்சில் கயிறு போடுகிற ரவி என் தங்கையின் ஊர்ப் பெடியன். அவனே வந்து சொன்னான். "மிஸ்ஸி, அண்ணைக்கு விசர் பிடிச்சிட்டுது போலை. ஆரும் சிகரட்டை நீட்டினாக் கையை முதுகுக்குப் பின்னாலை கட்டிக்கொள்ளுறார். பக்கத்திலை பெட்டியை வைச்சாலும் எழும்பிப் போறார்." கேட்க எனக்குப் பெரிய சந்தோசம். இத்தனை வருட வேலையில் ஒரு மனிசனாவது சொன்னபடி நடந்தாரே என்று இருந்தது.

அந்தச் சந்தோசம் அடுத்த கிளினிக்வரைதான். அண்ணை ஒரு துணிப்பையோடு வந்தார். அதற்குள் மூடி போட்ட ஒரு பைப்பும் மூன்று புகையிலைப் பைக்கற்றுகளும் இருந்தன. கனடாவில் இருக்கும் தமக்கையின் மகன், மாமா சிகரட்டை விட்டுவிட்டு அந்தரப்படுகிறார் என்று கேள்விப்பட்டு அனுப்பியிருக்கிறான்.

"மிஸ்ஸி, இதிலை எது எனக்கு நல்லது எண்டு பாத்துச் சொல்லுங்கோ. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது."

"அண்ணை, ஒண்டும் நல்லதில்லை. கொண்டுபோய்க் கடலிலை கொட்டுங்கோ."

"நான் சிகரட்டை விட்டனான்தானே?" அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். ஏதோ நான் பேச்சு மாறிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் அண்ணையையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் மூன்று பைக்கற்றுகளையும் மேசையில் திறந்து வைத்தார். தோட்டம் தோட்டமாகப் புகையிலை நடுகிற தீவுப்பக்கத்தில் பிறந்தவள் நான். ஆனால் அப்படியான புகையிலையைக் கண்டதில்லை. ஒன்று கிறிஸ்மஸுக்குக் கேக் சுடுகிற குசினி மாதிரி மணத்தது. வனிலா, சீனிப்பாகு, எல்லாம் கலந்த மணம். விட்டால் கரண்டியால் அள்ளித் தின்னலாம். இரண்டாவது பொன்னிறமாக, மெல்லிய நூலாக வெட்டியது, காய்ந்த வைக்கோல் மணம். மூன்றாவது கருமண்ணிறம், தடித்த வெட்டு. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனதும் எனக்குத் தும்மல் வந்தது. சுருட்டுக் கொட்டில் வாசலில் நின்ற மாதிரி இருந்தது.

"குடுக்கத்தான் வேணுமெண்டா இந்தக் கேக் மணத்தைக் குடுப்பம், டொக்டர். அதுதான் மெல்லிசு" என்றேன்.

"அதுதான் கூடாது, மிஸ்ஸி. சிகரட் பத்தினவர் புகையை விழுங்கிப் பழகினவர். மெல்லிசா இனிப்பாக் குடுத்தா அது நேரே நெஞ்சுக்குப் போகும். காறல் எண்டாத் தொண்டை தானே கதவைப் பூட்டும்." அவர் மூன்றாவதை அண்ணையின் பக்கம் தள்ளினார். "இது மருந்தில்லை, சூசைப்பிள்ளை. இதாலையும் நாக்கிலை, வாயிலை பொல்லாத வருத்தம் வரும். அதை நான் உங்களுக்கு ஒளிக்கேல்லை. முழுக்க விட்டாத்தான் நல்லது. ஏலாட்டி இதை மட்டும், புகையை வாயோடை வைச்சு வெளியிலை விடவேணும். உள்ளுக்கை எடுக்கக்கூடாது."

அண்ணை போன பிறகு எனக்கும் டொக்டருக்கும் நேர் சண்டை. முழுக்க விடச் சொல்லி அழுத்தியிருக்க வேண்டும் என்று நான் நின்றேன். "நீர் சொல்லுறது சரி. ஆனா அழுத்தினா அவர் சிகரட்டுக்குத் திரும்பிப் போவார்" என்று அவர் சொன்னார். இன்றைக்கும் யார் சொன்னது சரி என்று என்னால் தீர்மானிக்க ஏலாமல் இருக்கிறது.

பைப் பத்தாத நானே பைப் பத்தப் பழக்கினேன் என்றால் இப்போது சுபா நம்பமாட்டாள். கனடா மருமகன் வைத்து அனுப்பிய துண்டுத்தாளை நான்தான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். கிண்ணத்தின் அடியில் புகையிலையை உதிர்த்துத் தளர்வாகப் போட வேண்டும், மேலே போகப் போகக் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஈரம் கூடினால் நாக்கைச் சுடும், ஆகவே நிழலில் தாளில் பரவிக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிண்ணம் கொதிக்கும். அணைந்தால் அணையட்டும், பிறகு மூட்டலாம். ஆசுபத்திரிப் பின்வளவில் பூவரசுக்குக் கீழே அண்ணையை இருத்தி, "தொண்டை நோவுக்கு உப்புத்தண்ணி கொப்பளிக்கிறேல்லையோ? அதை விழுங்கிறனீங்களோ? அப்பிடித்தான் இதுவும்" என்று சொன்னேன். முதல் இழுப்பிலேயே புகையை விழுங்கிவிட்டார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருமினார். விக்கல் எடுத்தது. "சைத்தான் புகையிலை" என்று ஏசினார். அதற்குப் பிறகு விழுங்கவில்லை. அந்தக் காறலுக்கு யாரால் விழுங்க முடியும்?

கேக் மணப் பைக்கற்றையும் வைக்கோல் மணப் பைக்கற்றையும் டொக்டர் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

மூன்று மாதம் முடிய அண்ணை வந்து ஊதினார். குச்சி அணைந்தது. நான் நம்பாமல் இன்னொன்றைத் தட்டினேன், அதுவும் அணைந்தது. டொக்டர் கையெழுத்து வைத்தார். அண்ணை என் தலையில் கை வைத்து, "நல்லாய் இருப்பியள், மிஸ்ஸி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கருமண்ணிறப் புகையிலை முடிய, அண்ணை வேலணைக்குப் போய்ச் சுருட்டுக்குப் பாகு மாதிரியான பாணி தடவிய இலையை வாங்கி, பாக்குவெட்டியால் நறுக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். பிசுபிசுவென்று பைப் அடைத்துக்கொண்டது. இரண்டு இழுப்பில் தலை சுற்றி, நல்ல காலம் கரையில் நின்ற லோஞ்சுக்குள்ளேயே விழுந்திருக்கிறார். இதைக் கேள்விப்பட்ட மருமகன், பாசத்தில், ஒரு பெரிய பார்சல் அனுப்பினான். எல்லாம் வனிலா. 'மைல்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம். மாமாவுக்குச் சேதம் வரக்கூடாது என்று பார்த்துத் தெரிந்தெடுத்திருக்கிறான். அவனில் என்ன குறை சொல்வது? நானும் அதைத்தானே முதலில் தெரிந்தெடுத்தேன்.

இந்தப் பார்சல் எங்கள் கண்ணில் படவில்லை. மாதத்தில் ஒரு நாள் நாங்கள் நெடுந்தீவுக்குக் கிளினிக் கொண்டுபோவோம். அந்த முறை நான் மருந்துப் பெட்டிகளோடு லோஞ்சில் பின்னால் இருந்தேன். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று, கடல் தூக்கி அடித்தது. சுக்கானோடு நின்ற அண்ணையின் வாயில் பைப். லோஞ்சில் பயணிகள் புகைக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. அது பயணிகளுக்குத்தானே, ஓட்டுகிறவனுக்கு இல்லையே என்பது அவருடைய வாதம். கேக் மணம் என் மூக்குக்கு வந்தது.

நான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்தார். புகை வெளியே வரவில்லை. அலை ஒன்று வந்தது, சுக்கானை ஒடித்தார், லோஞ்ச் ஏறி இறங்கியது. இன்னும் புகை வரவில்லை. இறங்குதுறை கிட்ட வந்ததும் ரவியைப் பார்த்து, "கயித்தைப் போடடா!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தோடுதான் புகை வந்தது. ஒவ்வொரு சொல்லோடும் கொஞ்சம் கொஞ்சமாக, அடி நெஞ்சிலிருந்து வந்தது.

பூவரசுக்குக் கீழே கதிரையில் இருந்து பத்தும்போது மனிசனுக்கு உள்ளே எடுக்கக்கூடாது என்ற கவனம் இருந்திருக்கும். அலைக்கு நடுவில் கவனம் முழுக்கச் சுக்கானில். நெஞ்சு தனக்குப் பழகியதைத் தன் பாட்டில் செய்துகொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. இறங்கும்போது படியில் கையைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டார், பிறகு கயிற்றுக் கட்டையில் குந்தி மூச்சு வாங்கினார். "வெய்யில், மிஸ்ஸி" என்றார்.

டொக்டரிடம் சொன்னேன். சொல்லாமல் விட ஏலாது. அந்த லோஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிள்ளைத்தாச்சிகள், நயினாதீவு அம்மனுக்குப் போய்த் திரும்புகிற சனம், எல்லாரும் வருகிறவர்கள். அடுத்த முறை அண்ணை வந்தபோது யன்னலைச் சாத்தி, குச்சியைத் தட்டிப் பிடித்தேன். நெருப்பு அசையவில்லை. என் விரலைச் சுடும்வரை எரிந்தது. டொக்டர் கேட்க முன்பே, அண்ணை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்கள்தான் சொன்னனீங்களோ, மிஸ்ஸி?"

"ஓம், அண்ணை."

"ம்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சான்று போயிற்று, அதற்குப் பிறகு லோஞ்சை வேறொருவர் ஓட்டினார். சூசைப்பிள்ளை அண்ணை மாட்டுக்குப் பின்னால்தான் திரிந்தார். டொக்டருக்கு மாற்றம் வந்து தெற்குப் பக்கம் போய்விட்டார். நான் வேலையை இழுத்துக்கொண்டு கிடந்தேன். ஒருவரை ஒரு புகையிலிருந்து இழுத்தால் அவர் இன்னொரு புகைக்குள் போய் நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் விட்டுப்போயிருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாரியில் அண்ணையை ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டார். ஒக்சிஜன் முகமூடி போட்டிருந்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், அந்தப் பைப் இருந்தது. அத்தனை வருடமும் டொக்டர் சொன்னதற்காக அடக்கி வைத்த ஏச்செல்லாம் எனக்கு வாய்க்கு வந்துவிட்டது.

"இஞ்சையும் இதைக் கொண்டு வந்தனீங்களோ? ஒக்சிஜன் போட்டிருக்கிற இடத்திலை நெருப்பு மூட்டவோ? சொன்ன சொல்லிலை நிக்கத் தெரியாதோ உங்களுக்கு?"

அண்ணையின் பெண்சாதி றெஜினா அக்காதான் எழுந்தார்.

"ஆரைப் பாத்துச் சொல்லுறியள் மிஸ்ஸி, சொல்லிலை நிக்காதவர் எண்டு? அண்டைக்கு உங்கடை கிளினிக்கிலை இருந்து வந்தவர் வீட்டுக்கு வரேல்லை. நேரே அந்தோனியார் கோயிலுக்குப் போய் முழங்காலிலை நிண்டு, இனிச் சிகரட்டைத் தொடமாட்டன் எண்டு நேர்த்தி வைச்சவர். கோயில் வாசல் தொடக்கம் பீடம் மட்டும் முழங்காலாலையே போனவர், முழங்கால் ரண்டும் உரிஞ்சு போச்சு. அண்டைக்குத் தொடக்கம் இண்டுமட்டும் ஒரு சிகரட்டைத் தொட்டவரோ எண்டு கேளுங்கோ. சுக்கான் பறிபோன அண்டைக்கும் தொடேல்லை. மகள் செத்த அண்டைக்கும் தொடேல்லை."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் இருந்து, அண்ணைக்குக் கிட்டக் குனிந்தேன். நெடுந்தீவுச் சனத்தின் நேர்த்தியைப் பற்றி எனக்குத் தெரியும். வைத்தால் வைத்ததுதான். உயிர் போனாலும் மாறாது. ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

"அண்ணை, சிகரட் எண்டு வைச்ச நேர்த்தியைப் புகை எண்டு வைச்சிருக்கலாமே?"

அவர் முகமூடியைத் தானே தூக்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

"டொக்டர் ஐயா... சிகரட்டைத்தானே... கேட்டவர், மிஸ்ஸி. மற்றதையும் கேட்டிருந்தால்... அதையும் சேத்து... வைச்சிருப்பன்."

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னார். எந்தப் புகையிலை காறல், எது மெல்லிசு, எப்படி நிரப்புவது என்று நானும் டொக்டரும் மேசையில் பரவி வைத்துப் பிரித்துப் பார்த்தோமே, அந்த நேரத்தில் இந்த மனிசனிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. விடமாட்டார் என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம்.

நான் எழுந்து, முகமூடியை அவர் முகத்தில் திரும்ப வைத்து, வாரைச் சரிப்படுத்தினேன். பிறகு கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

"அண்ணை, புகையை விடுவீங்களோ?"

அவர் யோசிக்கவும் இல்லை. கையை நீட்டிப் பைப்பை எடுத்து என் கையில் தந்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். றெஜினா அக்கா மறுபக்கம் திரும்பி நின்று அழுதார்.

மாரி முடிய முன் அண்ணை போய்விட்டார். அதுவரைக்கும் ஒரு தடவையாவது அவர் அந்தப் பைப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.